நிலக்கரிக்காக வாதாடிய அகதி: ஈ. எஃப். ஷூமாக்கரும் அணுமின்சாரமும்

1940ஆம் ஆண்டு கோடையில் பிரான்ஸ் ஹிட்லரின் படைகளிடம் வீழ்ந்ததும், பிரித்தானிய அரசாங்கம் தன் மண்ணில் வாழ்ந்த ஜேர்மனியர்களையும் ஒஸ்ரியர்களையும் பிடித்து முகாம்களில் அடைக்கத் தொடங்கியது. ஏறத்தாழ 27,000 பேர் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் ஹிட்லரிடமிருந்து உயிர் தப்பி ஓடிவந்த யூதர்கள். எதிரி நாட்டுப் பிரஜை என்ற ஒரே காரணம் போதுமானதாக இருந்தது. யார் எதற்காக ஓடிவந்தார் என்று கேட்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. இங்கிலாந்தின் ஷ்ரொப்ஷயர் பகுதியில் பிறீஸ் ஹீத் என்ற வெட்டவெளியில் கூடாரங்களும் முட்கம்பியுமாக அமைக்கப்பட்ட முகாமொன்றில், 28 வயதான ஒரு பொருளியலாளரும் அப்படித்தான் கொண்டுவந்து விடப்பட்டார். அவருடைய பெயர் ஏர்ன்ஸ்ட் பிரீட்ரிக் ஷூமாக்கர். வீட்டில் பிரிட்ஸ்.

பிற்காலத்தில் சிறியதே அழகு என்ற நூலின் ஆசிரியராக உலகம் இவரை அறிந்துகொண்டது. எளிய தொழில்நுட்பம், கிராமப் பொருளாதாரம், இயற்கை விவசாயம் என்று பேசுகிறவர்கள் எல்லோரும் இவரை ஒரு தடவையாவது குறிப்பிடுவார்கள். ஆனால் அவருடைய உத்தியோகம் என்னவென்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1950 முதல் 1970 வரை, இருபது வருடங்கள், அவர் பிரித்தானியாவின் தேசிய நிலக்கரிச் சபையில் பொருளாதார ஆலோசகராகச் சம்பளம் வாங்கியவர். உலகின் மிகப்பெரிய தொழில் நிறுவனங்களில் ஒன்று அது. சிறியதைப் பற்றிப் பேசியவர் வேலை செய்த இடம் கொஞ்சமும் சிறியதல்ல. அந்த நாற்காலியில் இருந்துகொண்டுதான் அவர், நிலக்கரியா அணுவா என்ற கேள்வியை, அன்று வேறு எந்தப் பொருளியலாளரும் கேட்காத விதத்தில் கேட்டார்.

அவர் 1911 ஓகஸ்ட் 16ஆம் திகதி ஜேர்மனியின் பொன் நகரத்தில் பிறந்தார். தந்தை ஹேர்மன் ஷூமாக்கர் பொருளியல் பேராசிரியர். குடும்பம் பெர்லினுக்குக் குடிபெயர்ந்த காலம் முதலாம் உலகப் போரின் இறுதிக் காலம். பிரித்தானியக் கடற்படையின் முற்றுகையால் ஜேர்மனியில் உணவு இல்லை. கிழங்கும் கீரையும் தின்று மக்கள் பனிக்காலத்தைக் கடந்தார்கள். பேராசிரியர் வீடென்றாலும் பசி பசிதான். போருக்குப் பிந்திய பணவீக்கம் சம்பளக்காரக் குடும்பங்களின் சேமிப்பைக் கரைத்ததையும் அவர் சிறுவனாகப் பார்த்தார். 1930இல் ரோட்ஸ் புலமைப்பரிசில் பெற்று ஒக்ஸ்ஃபோர்ட் போனார். அங்கிருந்து நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம். 1934இல் நாடு திரும்பியபோது ஹிட்லர் ஆட்சிக்கு வந்து ஒரு வருடம் கடந்திருந்தது. அந்த மண்ணில் மூச்சுவிட முடியாது என்று கண்டதும், 1937இல் மனைவியுடன் லண்டனுக்கு வந்துவிட்டார். அவர் யூதரல்ல. விரட்டப்பட்டு ஓடவில்லை, ஒத்துப்போக முடியாமல் போனார்.

அதே 1937ஆம் ஆண்டில் அவருடைய தங்கை எலிசபெத் திருமணம் செய்துகொண்டார். மாப்பிள்ளை வேர்னர் ஹைசன்பேர்க். நவீன பௌதிகவியலின் பெரும் தலைகளில் ஒருவர், நோபல் பரிசு பெற்றவர். இரண்டே வருடங்களில் ஹிட்லரின் ஜேர்மனியில் அணுப்பிளவு ஆராய்ச்சியின் முக்கிய விஞ்ஞானியாகவும் அவர் ஆனார். நிலக்கரிக்காக வாதாடப் போகிறவருக்கு அணுவைப் பிளக்கப் போகிறவர் மைத்துனர். கதையாக எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

அணுப்பிளவு என்பது என்ன, அது நிலக்கரியை எரிப்பதிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. நிலக்கரி எரியும்போது காபன் அணுக்கள் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேருகின்றன. அணுக்களின் வெளிப்புறத்தில் இருக்கும் இலத்திரன்கள் மட்டுமே இடம்மாறுகின்றன. உள்ளே இருக்கும் கரு அசையாது. ஒரு காபன் அணு எரிந்தால் கிடைக்கும் சக்தி ஏறத்தாழ 4 இலத்திரன் வோல்ட். 1938 டிசெம்பரில் பெர்லினில் ஓட்டோ ஹானும் பிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தை நியூத்திரன்களால் தாக்கியபோது கண்ட விசித்திரத்தை விளக்கியவர், அந்த வருடம்தான் பெர்லினிலிருந்து தப்பி சுவீடனில் தஞ்சமடைந்திருந்த லீசே மைட்னர் என்ற யூதப் பெண் விஞ்ஞானி. தன் சகோதரியின் மகன் ஓட்டோ பிரிஷுடன் சேர்ந்து அவர் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, ஒரு யுரேனியக் கரு இரண்டாகப் பிளந்தால் ஏறத்தாழ 200 மில்லியன் இலத்திரன் வோல்ட் சக்தி வெளிப்படும் என்று தெரிந்தது. நாலு எங்கே, இருநூறு மில்லியன் எங்கே. எடைக்கு எடை பார்த்தால், பிளவுபடும் யுரேனியம் ஒரு கிலோவில் இருக்கும் சக்தியைப் பெற ஏறத்தாழ 3,000 தொன் நிலக்கரியை எரிக்க வேண்டும். 1,000 மெகாவாட் மின்நிலையம் ஒன்று ஆண்டு முழுவதும் ஓட, நிலக்கரியென்றால் சுமார் 30 இலட்சம் தொன் தேவை. அணு உலையென்றால் 25, 30 தொன் எரிபொருள் போதும். கப்பல் கப்பலாக வந்து இறங்கும் ஒன்றுக்கும், சில லொறிகளில் ஏற்றிவிடக்கூடிய மற்றொன்றுக்கும் இடையிலான வித்தியாசம் இது. இதைப் பார்த்து மயங்காதவர்கள் அந்தக் காலத்தில் மிகக் குறைவு.

முகாமில் ஷூமாக்கர் அதிக காலம் இருக்கவில்லை. வங்கியாளரான றொபேர்ட் பிராண்டின் உதவியால் வெளியே வந்து, நோர்தாம்ப்ரன்ஷயரில் அவருக்குச் சொந்தமான ஐடன் பண்ணையில் கூலியாளாக வேலை செய்தார். பகலில் உழவும் மாட்டுத் தொழுவமும், இரவில் பொருளியல். அங்கிருந்தபடி அவர் எழுதிய சர்வதேசக் கொடுப்பனவுத் திட்டமொன்று ஜோன் மேனார்ட் கெயின்ஸின் கவனத்தைப் பெற்றது. பின்னர் ஒக்ஸ்ஃபோர்ட் புள்ளிவிபர நிறுவனத்தில் இடம் கிடைத்தது. பண்ணையில் கழிந்த காலத்தை அவர் வீணாய்ப் போன காலமாகக் கருதவில்லை. பின்னர் லண்டனுக்கு வெளியே கேட்டர்ஹாமில் வீடு வாங்கியபோது, பெரிய தோட்டத்துடன் வாங்கி, இரசாயன உரமில்லாமல் பயிர் செய்தார்.

1945 ஓகஸ்ட் 6ஆம் திகதி ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தது. ஹைசன்பேர்க்கும் சக ஜேர்மன் விஞ்ஞானிகளும் அச்செய்தியைக் கேட்டது, கேம்பிரிட்ஜுக்குக் கிட்டவுள்ள ஃபார்ம் ஹோல் என்ற மாளிகையில் பிரித்தானியக் காவலில் இருந்தபோது. ஐந்து வருட இடைவெளியில் மச்சான்மார் இருவரும் ஒரே அரசின் தடுப்பில் இருந்திருக்கிறார்கள்.

ஷூமாக்கர் 1946இல் பிரித்தானியப் பிரஜையானார். அதே வருடம் ஜேர்மனிக்குத் திரும்பினார். பிரித்தானியக் கட்டுப்பாட்டு ஆணைக்குழுவின் பொருளாதார ஆலோசகராக. தோற்றுப்போன தாய்நாட்டுக்கு வென்றவர்களின் உத்தியோகத்தராகத் திரும்புவது எப்படிப்பட்ட நிலைமை என்பதை இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நகரங்கள் கற்குவியலாகக் கிடந்தன. 1946-47 பனிக்காலம் கொடுமையாக இருந்தது. ரூர் பள்ளத்தாக்கில் நிலக்கரி மண்ணுக்குள் ஏராளமாக இருந்தது. ஆனால் அதை வெட்டுகிறவனுக்குச் சாப்பாடில்லை. சாப்பாட்டைக் கொண்டுவர ரயில் ஓட வேண்டும்; ரயில் ஓட நிலக்கரி வேண்டும். சுரங்கத் தொழிலாளிக்கு மேலதிகப் பங்கீடு கொடுத்தால், அவன் அதை வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்குக் கொண்டுபோனான். சக்தி என்பது பொருளாதாரத்தின் பல பண்டங்களில் ஒன்றல்ல, மற்ற எல்லாப் பண்டங்களும் அதன்மேல்தான் நிற்கின்றன என்று ஷூமாக்கர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார். அதற்கான சாட்சியம் அந்த நான்கு வருடங்களில் அவர் கண்முன்னே கிடந்தது.

1950இல் நிலக்கரிச் சபை அவரை அழைத்தது. மூன்று வருடங்களுக்கு முன்னர், 1947 ஜனவரி முதலாம் திகதி, பிரித்தானியாவின் சுரங்கங்கள் தேசியமயமாக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ 7 இலட்சம் தொழிலாளர்கள். நாட்டின் சக்தித் தேவையில் பத்தில் ஒன்பது பங்கு நிலக்கரியிலிருந்து வந்தது. அவர் பதவியேற்ற வருடத்தில் டார்பிஷயரின் கிரெஸ்வெல் சுரங்கத்தில் தீப்பிடித்து 80 பேர் இறந்தார்கள். அடுத்த வருடம் டர்ஹாமின் ஈசிங்டனில் வெடிப்பு. மீட்கப்போன இருவர் உட்பட 83 பேர். வெடித்துச் செத்தவர்களைப் பத்திரிகை எண்ணியது. கரித்தூசி நுரையீரலில் படிந்து, நாற்பது வயதில் படியேற முடியாமல் மூச்சிரைத்துச் செத்தவர்களை யாரும் அப்படி எண்ணவில்லை.

1952 டிசெம்பரில் லண்டன் நகரம் ஐந்து நாட்கள் நிலக்கரிப் புகைமூட்டத்துக்குள் மூழ்கியது. காற்று அசையவில்லை, அடுப்புப் புகையும் மின்நிலையப் புகையும் பனியோடு கலந்து தெருவில் இறங்கின. பேருந்துக்கு முன்னால் ஆள் நடந்து வழிகாட்ட வேண்டியிருந்தது. அன்றைய கணக்கு 4,000 மரணங்கள். பிற்கால ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. அதே 1956 ஒக்டோபர் 17ஆம் திகதி, கம்பர்லாந்தில் கோல்டர் ஹோல் அணுமின் நிலையத்தை எலிசபெத் மகாராணி திறந்துவைத்தார். புகை இல்லை, சாம்பல் இல்லை, சுரங்கத்துக்குள் செத்துப்போகும் ஆட்கள் இல்லை. அந்த நிலையத்தின் முதற்பணி அணுகுண்டுக்கான புளூட்டோனியம் தயாரிப்பது என்பதும், மின்சாரம் அதன் பக்க விளைவு என்பதும் திறப்புவிழாவில் முக்கியத்துவம் பெறவில்லை.

ஒரு வருடம் கழிந்து, 1957 ஒக்டோபர் 10ஆம் திகதி, பக்கத்திலேயே இருந்த விண்ட்ஸ்கேல் உலையில் தீப்பிடித்தது. கதிரியக்க அயடீன் காற்றில் கலந்து புல்லில் படிந்தது. புல்லைத் தின்ற மாடுகளின் பாலில் வந்தது. சுமார் 500 சதுர கிலோமீற்றர் பரப்பில் கறந்த பாலையெல்லாம் வாரக்கணக்கில் கொட்டினார்கள். விபத்தைப் பற்றிய முழு அறிக்கையைப் பிரதமர் மக்மில்லன் வெளியிடவிடாமல் வைத்துக்கொண்டார். முப்பது வருடங்களுக்குப் பிறகுதான் அது வெளியே வந்தது. அரச விசாரணை அறிக்கைகள் அலுமாரிக்குள் கிடப்பது எல்லா நாடுகளிலும் நடப்பதுதான்.

ஆனால் நிலக்கரிக்கு உடனடி எதிரி அணுவல்ல, எண்ணெய். மத்திய கிழக்கிலிருந்து வந்த மலிவான எண்ணெயால் 1950களின் இறுதியிலிருந்து சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஷூமாக்கர் இதைக் கடுமையாக எதிர்த்தார். அவருடைய வாதம் இப்படி: எண்ணெய் சில நாடுகளில் மட்டும் இருக்கிறது, அவர்கள் ஒருநாள் விலையைக் கூட்டுவார்கள், அன்றைக்கு மூடிய சுரங்கத்தைத் திறக்க முடியாது. சுரங்கம் கடைபோன்றதல்ல. பம்பியை நிறுத்தினால் தண்ணீர் நிறையும், கூரை இடிந்து விழும், உள்ளே இருக்கும் நிலக்கரி என்றென்றைக்கும் இல்லாமல் போகும். அனுபவமுள்ள தொழிலாளியும் வேறு ஊருக்குப் போய்விடுவான். மண்ணுக்குள் இருக்கும் எரிபொருள் வருமானமல்ல, மூலதனம்; அதை வருமானம் போலச் செலவழிக்கும் எந்தக் குடும்பமும் முறிந்துபோகும். ஏறக்குறைய யாரும் கேட்கவில்லை. அவர் ஓய்வுபெறும்போது ஏறத்தாழ 950 சுரங்கங்கள் 300ஆகவும், தொழிலாளர் தொகை 3 இலட்சத்துக்குக் கீழும் குறைந்திருந்தன. 1973 ஒக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்து, சில மாதங்களில் விலை நான்கு மடங்கானபோதுதான் பத்திரிகைகள் அவரைத் தேடிவந்தன.

அவருடைய வாழ்க்கையில் நிலக்கரிக்கு வெளியே நடந்தவையும் உண்டு. 1955இல் பர்மாவுக்கு ஆலோசகராகப் போய்ப் பௌத்தத்தில் ஈடுபட்டார். ஜெயப்பிரகாஷ் நாராயணின் அழைப்பில் இந்தியா சென்றார். 1960இல் முதல் மனைவி புற்றுநோயால் இறந்தார். 1962இல் மறுமணம்; இரு மணங்களிலும் எட்டுப் பிள்ளைகள். 1966இல் ஏழை நாடுகளுக்கு ஏற்ற இடைநிலைத் தொழில்நுட்பத்துக்கென ஓர் அமைப்பை நண்பர்களோடு தொடங்கினார். அந்த அமைப்பு பின்னாளில் கொழும்பிலும் அலுவலகம் வைத்து, மலைநாட்டு ஓடைகளில் கிராமத்தவர்களே நடத்தும் சிறு நீர்மின் நிலையங்களுக்கு உதவியது. பிரதான மின்கம்பி எட்டாத லயங்களிலும் கிராமங்களிலும் அந்த மின்சாரத்தில் மின்குமிழ் எரிந்தது.

1966இல் நடந்த இன்னொன்றைத் தாண்டிப் போகக்கூடாது. ஒக்டோபர் 21, வெள்ளிக்கிழமை காலை 9.15. தெற்கு வேல்ஸில் அபர்வான் என்ற சுரங்கக் கிராமம். மேலே மலைச்சரிவில், நிலக்கரிச் சபை பல வருடங்களாகக் கொட்டிய சுரங்கக் கழிவு மலைபோல் நின்றது. ஏழாம் இலக்கக் குவியல் ஒரு நீரூற்றின் மேலேயே கொட்டப்பட்டிருந்தது. தொடர் மழையில் அது சேறாகிச் சரிந்து பான்ட்க்லாஸ் ஆரம்பப் பாடசாலையின் மேல் வந்து விழுந்தது. பிள்ளைகள் காலைப் பிரார்த்தனை முடிந்து வகுப்பில் உட்கார்ந்திருந்த நேரம். 144 பேர் இறந்தார்கள். அவர்களில் 116 பேர் சிறுவர்கள். சுரங்கத்துக்குள் வேலைசெய்த தகப்பன்மார் மேலே ஓடிவந்து, நிலக்கரி வெட்டும் கைகளால் தங்கள் பிள்ளைகளைத் தோண்டினார்கள்.

குவியல் ஆபத்தானது என்று ஊரவர்கள் முன்னரே முறையிட்டிருந்தார்கள். நிலக்கரிச் சபையின் தலைவர் றொபென்ஸ் பிரபு அன்று உடனடியாக அங்கு போகவில்லை. பல்கலைக்கழகமொன்றின் வேந்தராகப் பதவியேற்கும் வைபவத்துக்குப் போனார். விசாரணை மன்றம் 76 நாட்கள் அமர்ந்து, முழுப் பொறுப்பும் நிலக்கரிச் சபையுடையது என்று தீர்த்தது. யாரும் வழக்கில் நிறுத்தப்படவில்லை. யாரும் வேலை இழக்கவில்லை. இறந்த பிள்ளைக்கு 500 பவுண் இழப்பீடு என்று நிர்ணயித்தார்கள். எஞ்சிய குவியல்களை அகற்றும்படி பெற்றோர் மன்றாடியபோது, உலகெங்கும் இருந்து மக்கள் அந்தக் குடும்பங்களுக்காக அனுப்பிய நிதியிலிருந்தே 150,000 பவுணை அரசாங்கம் அதற்காக எடுத்தது. அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க 1997 வரை, முப்பது வருடங்கள் ஆயின, வட்டியில்லாமல். பிள்ளைகளைப் பறிகொடுத்த பின்னரும் கோப்புகளோடு அலைவது எப்படியென்று வடக்கு கிழக்கில் எத்தனையோ தாய்மாருக்குத் தெரியும்.

ஷூமாக்கருக்கு அந்தக் குவியலுக்கும் நேரடித் தொடர்பில்லை. அவர் தலைமையகத்தில் கணக்கும் எதிர்வுகூறலும் பார்த்தவர். ஆனால் அவர் சேவை செய்த நிறுவனம் அதுதான். சரியாக ஒரு வருடம் கழிந்து, 1967 ஒக்டோபரில், தூய காற்றுக்கான தேசியச் சங்கத்தின் கூட்டத்தில் அவர் அணுசக்தி பற்றிய தன் புகழ்பெற்ற உரையை நிகழ்த்தினார். அந்தச் சங்கம் நிலக்கரிப் புகைக்கு எதிராகப் பிறந்த சங்கம் என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே போய் நிலக்கரிச் சபையின் ஆலோசகர் பேசுவதற்குத் துணிவு வேண்டும்.

அவர் சொன்னவற்றின் சாரம் இதுதான். நிலக்கரி மலிவா, அணு மலிவா என்று மட்டும் பொருளியலாளர்கள் கணக்குப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கில் எது எழுதப்படவில்லை என்று யாரும் பார்ப்பதில்லை. புகையும் சாம்பலும் அழுக்கு, உண்மைதான். ஆனால் கதிரியக்கம் வேறு வகையைச் சேர்ந்தது. அதை எரிக்க முடியாது, கழுவ முடியாது, மனிதன் எதைச் செய்தாலும் அதன் வேகத்தைக் குறைக்கவோ கூட்டவோ முடியாது. காலம் மட்டுமே அதைத் தணிக்கும். சீசியமும் ஸ்ரொன்சியமும் பாதியாகக் குறைய முப்பது வருடங்கள். புளூட்டோனியம் பாதியாக 24,000 வருடங்கள். அதை எங்கே வைப்பது? அப்போது பிரித்தானியா கதிரியக்கக் கழிவைப் பீப்பாய்களில் அடைத்து அத்திலாந்திக் கடலில் போட்டுக்கொண்டிருந்தது. ஆயுள் முடிந்த உலைகளை என்ன செய்வது? அவை நூற்றாண்டுக் கணக்கில் காவல் காக்கப்பட வேண்டிய இடங்களாக நிற்கும். தனியார் காப்புறுதி நிறுவனங்கள் அணு உலையின் முழுப் பொறுப்பை ஏற்கத் தயங்கியதால், விசேட சட்டம் கொண்டுவந்து அரசாங்கமே பொறுப்பேற்க வேண்டியிருந்ததை அவர் சுட்டிக்காட்டினார். காப்புறுதிக்காரன் தொடப் பயப்படும் பொருளை எப்படி மலிவு என்கிறோம் என்பது அவருடைய கேள்வி. இன்னும் பிறக்காத, வாக்குரிமை இல்லாத தலைமுறைகளின் தலையில் இதை ஏற்றிவிட்டு இன்று வெளிச்சம் போடுவது தர்மமல்ல என்று அவர் நினைத்தார்.

கழிவு விடயத்தில் காலம் பெருமளவு அவர் பக்கம் நின்றது. விண்ட்ஸ்கேலும் கோல்டர் ஹோலும் இருந்த இடம் இன்று செலாபீல்ட் எனப்படுகிறது. அங்குள்ள கதிரியக்கக் கழிவைத் துப்புரவாக்கி முடிக்க 2125ஆம் ஆண்டு வரை செல்லும் என்றும், 136 பில்லியன் பவுண் செலவாகும் என்றும் பிரித்தானியக் கணக்காய்வு அலுவலகம் 2024இல் சொன்னது. மகாராணி நாடாவை வெட்டியபோது இந்தச் செலவு எந்த ஏட்டிலும் இல்லை. மலிவு என்று 1965இல் தெரிவுசெய்யப்பட்ட டன்ஜனெஸ் பி உலை, 1983 வரை மின்சாரம் கொடுக்கவேயில்லை. 1986இல் செர்னோபில் வெடித்தபோது, 2,000 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள வேல்ஸ் மலைகளில் பெய்த மழையில் சீசியம் இறங்கியது. அங்கு மேய்ந்த செம்மறியாடுகளை விற்பதற்கான கட்டுப்பாடு 2012இல்தான் முற்றாக நீங்கியது.

ஆனால் தராசின் மற்றத் தட்டை அவர் சரியாகப் பார்த்தாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் அந்த உரையை நிகழ்த்திய அதே 1967இல், சியூகுரோ மனாபேயும் றிச்சர்ட் வெத்தரால்டும் வளிமண்டலத்தில் காபனீரொட்சைட்டு இரட்டித்தால் பூமியின் வெப்பம் 2 பாகைக்கு மேல் உயரும் என்று கணித்து வெளியிட்டார்கள். அது முதல் எச்சரிக்கையும் அல்ல. சுவீடனின் அரீனியஸ் 1896இலேயே கணக்குப் போட்டார். கலண்டர் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் 1938இலேயே பூமி சூடாவதை வெப்பமானிப் பதிவுகளால் காட்டினார். நிலக்கரி மின்சாரம் ஓர் அலகுக்கு ஏறத்தாழ 820 கிராம் காபனீரொட்சைட்டுக்கு நிகரான வாயுவை விடுகிறது. அணுமின்சாரம், சுரங்கம் முதல் கழிவு வரை எல்லாவற்றையும் சேர்த்தாலும், 12 கிராம். அப்படி விட்ட வாயுவின் ஒரு பங்கு ஆயிரக்கணக்கான வருடங்கள் வானத்தில் தங்கும். அதாவது, கழுவ முடியாது, பிறக்காதவர்களின் தலையில் ஏற்றுகிறோம் என்று அவர் அணுவுக்கு எதிராகச் சொன்ன குற்றச்சாட்டு அப்படியே நிலக்கரிக்கும் பொருந்துகிறது. ஒரு அலகு மின்சாரத்துக்கு இத்தனை மரணம் என்று எண்ணிப் பார்த்தாலும், சுரங்கத்தையும் புகையையும் சேர்த்தால், செர்னோபிலைக் கணக்கில் எடுத்த பின்னரும் நிலக்கரி அணுவைவிடப் பல நூறு மடங்கு ஆட்களைக் கொன்றிருக்கிறது. நிலக்கரியின் சாவு மெதுவாக, சில்லறையாக, ஏழைகளின் வீடுகளில் நடந்தது. அது செய்தியாகவில்லை.

அவர் சம்பளத்துக்காகப் பேசினார் என்று சொல்வது நியாயமாகாது. தொழில் ஒரு பங்கு செய்திருக்கும். அதைவிட, அவர் பயந்தது அளவைக் கண்டு. ஒரு கிலோவுக்குள் மூவாயிரம் தொன்னை அடக்கும் சக்தி யாருடைய கையில் இருக்கும், அது கைதவறினால் யார் பதில் சொல்வார் என்பதே அவருடைய அடிப்படைக் கேள்வி. விண்ட்ஸ்கேல் அறிக்கையை ஒளித்தவர்களை நம்பி 24,000 வருடத்துக் காவலை ஒப்படைக்க அவர் தயாரில்லை. ஆனால் அபர்வானைப் பார்த்தால், நிலக்கரியை நிர்வகித்தவர்களும் அதே ஆட்கள்தான்.

நம் பக்கத்திலும் இந்தக் கேள்வி வந்து நின்றதுண்டு. நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி நிலையம் இயங்குகிறது. அதன் சாம்பல் பற்றிச் சுற்றியுள்ள விவசாயிகளும் மீனவர்களும் முறையிட்டு வந்திருக்கிறார்கள். 2006இல் எறிகணைக்குத் தப்பி ஓடிய சம்பூர் மக்களின் நிலத்தில் இந்தியாவின் உதவியோடு 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் கட்டத் திட்டமிட்டார்கள். ஊரவர்கள் நலன்புரி முகாம்களில் இருந்தபோதே வரைபடம் தயாராகியது. 2016 செப்டெம்பரில் அரசாங்கம் அதைக் கைவிட்டது. நிலக்கரியா அணுவா சூரியனா என்ற விவாதம் கொழும்பில் நடக்கும்போது, யாருடைய காணியில் என்ற கேள்வி கடைசியாகத்தான் கேட்கப்படுகிறது.

1970இல் ஷூமாக்கர் நிலக்கரிச் சபையை விட்டு விலகினார். அடுத்த வருடம் கத்தோலிக்கரானார். 1973இல் சிறியதே அழகு வெளிவந்தது. அணுசக்தி பற்றிய 1967ஆம் ஆண்டு உரை அதில் ஓர் அத்தியாயமாக இருக்கிறது. புத்தகம் பல மொழிகளில் போனது. ஓய்வெடுக்க வேண்டிய வயதில் ஊர் ஊராக அழைத்தார்கள், அவரும் போனார். 1977 செப்டெம்பர் 4ஆம் திகதி, சுவிற்சர்லாந்தில் ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது மாரடைப்பால் இறந்தார். வயது 66. மச்சான் ஹைசன்பேர்க் அதற்கு முந்திய வருடம் மியூனிக்கில் காலமாகியிருந்தார்.

திறக்க முடியாமல் போய்விடும் என்று அவர் எச்சரித்த பிரித்தானிய ஆழ்சுரங்கங்களில் எஞ்சிய கடைசிப் பெரிய சுரங்கம், கெலிங்லி, 2015 டிசெம்பரில் மூடப்பட்டது. 2024 செப்டெம்பர் 30ஆம் திகதி நள்ளிரவோடு அந்நாட்டின் கடைசி நிலக்கரி மின்நிலையமும் நிறுத்தப்பட்டது. செலாபீல்டில் வேலை தொடர்கிறது.